அப்பத்தா சொல்லாத பெயர்: குலதெய்வத்தைத் தேடும் ஒரு சிறுவர் சாகசக் கதையைக் கட்டுவது

சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சுரங்கத்தில்தான் தொடங்குகிறார்கள். பழைய கோயில், அதற்கடியில் சுரங்கம், சுரங்கத்துக்குள் சிலை, சிலைக்குப் பின்னால் கடத்தல்காரர்கள். நடுவில் தாத்தா ஒருவர் புராணக் கதை இரண்டு சொல்வார். அந்தக் கோயிலைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு பங்களாவை வைத்துப் பாருங்கள், கதையில் ஒரு வரிகூட மாறாது. அப்படியென்றால் கோயில் அங்கே வெறும் படுதா.

நம் வீடுகளுக்குள்ளேயே இதைவிடப் பெரிய தேடல் ஒன்று கிடக்கிறது. குலதெய்வம் எது, எங்கே என்று தெரியாமல் போன குடும்பங்கள் எத்தனையோ. வேலை தேடி ஊரைவிட்டு வந்தவர்கள் முதலில் வருஷா வருஷம் போய்வந்தார்கள், பிறகு விசேஷத்துக்கு மட்டும் போனார்கள், பிறகு வழி தெரிந்தவர் கண்ணை மூடினார். பேரப்பிள்ளைக்கு முடியிறக்கவோ காது குத்தவோ வேண்டும் என்று வரும்போதுதான் "நம்ம சாமி எங்கப்பா இருக்கு?" என்ற கேள்வி எழும். குடும்பம், நட்பு, வழிபாடு மூன்றும் சேர்ந்தே கிடக்கிற கரு இது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கதையாகக் கட்டும் விதத்தை ஓர் உதாரணக் கதை வைத்துச் சொல்கிறேன். ஆட்களும் கிராமமும் கற்பனை. காசு, சடங்கு, ஆண்டுக்கணக்கு எல்லாம் உள்ளபடி.

முதலில் தீர்க்க வேண்டியது, அந்தச் சாமி ஏன் தொலைந்தது என்பதுதான். புதையல் கதையில் யாரோ வேண்டுமென்றே ஒளித்திருப்பார்கள். இங்கே யாரும் ஒளிக்கவில்லை. "மறந்துபோச்சு" என்று எழுதிவிட்டால் கதையின் அடித்தளமே ஆடும், ஏனென்றால் வாசிக்கிற பிள்ளை உடனே "பாட்டியைக் கேட்க வேண்டியதுதானே?" என்று கேட்கும். கேட்டும் கிடைக்காமல் போக ஒரு காரணம் வேண்டும். அதை நம் வழக்கமே தருகிறது.

நாயகனுக்குப் பதினோரு வயது. பெயர் அடைக்கலம். அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கப்படி வைத்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே அவனுக்கு எரிச்சல். அவனுடைய அப்பத்தா புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை, ஆகவே பேரனையும் "பெரியவனே" என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தக் குடும்பத்தின் குலதெய்வம் அடைக்கலம் காத்த ஐயனார். அப்பத்தாவுக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் புருஷன் பெயரைச் சொன்னதாகிவிடும். யார் கேட்டாலும் "அவுக பேரு ஐயனாருதான்" என்பாள். அவள் சொல்வது "என் வீட்டுக்காரர் பெயருள்ள ஐயனார்" என்று. கேட்பவர்கள் காதில் விழுவது "சாமியின் பெயர் ஐயனார்" என்று. ஐயனார் கோயில் ஆயிரம் இருக்கும்போது இதை வைத்துக்கொண்டு எங்கே போவது? விடை முதல் அத்தியாயத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது, யாருக்கும் கேட்கவில்லை. பத்தாம் அத்தியாயத்தில் பையனுக்கு உறைக்கும்போது வாசகப் பிள்ளை பின்னால் புரட்டிப் பார்க்கும். அப்படிப் புரட்ட வைப்பதுதான் நல்ல துப்பு. அந்த வசனத்தைப் பத்தாம் அத்தியாயம் வருவதற்குள் மூன்று முறையாவது, மூன்று வெவ்வேறு ஆட்களிடம் அவள் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு முறை என்றால் பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. ஐந்து முறை என்றால் முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது பொருள். வரைபடத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் துணி முடிச்சை வையுங்கள். நேர்த்திக்கடன் வைப்பவர்கள் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே வைப்பார்கள். நேர்ந்துகொண்டது நடந்ததும் அந்தக் காசு கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவரை அவிழ்ப்பதில்லை. நம் கதையில் அதை முடிந்தது அப்பத்தாவின் மாமியார். தனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் ஐயனாருக்கு மண்குதிரை எடுப்பதாக நேர்ந்திருக்கிறாள். பிள்ளை பிறந்தது, அதற்குள் குடும்பம் திருச்சிக்கு வந்துவிட்டது, குதிரை எடுக்கவே இல்லை. மருமகளிடம் முடிச்சு கைமாறும்போது ஒரு வரிதான் கூட வந்தது: "இது ஐயனாருக்குச் சேர வேண்டியது."

முடிச்சை அவிழ்க்க அப்பத்தா விடமாட்டாள். இது நல்ல தடை, சட்டென்று உடைத்துவிடாதீர்கள். பையன் துணிக்கு மேலேயே விரலால் தடவிப் பார்க்கட்டும். ஒரு காசு வட்டமாக இருக்கிறது, ஆனால் நடுவில் விரல் நுனி உள்ளே அழுந்துகிறது. ஓட்டைக் காலணா! நடுவில் பெரிய துளையோடு, பார்ப்பதற்கு மோதிரம் மாதிரி இருக்கும் வெண்கலக் காசு. அது 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. ஆக, முடிச்சு 1943க்கு முன்னால் போடப்பட்டிருக்க முடியாது. இதைப் பிள்ளைகளே தர்க்கம் செய்யட்டும். காசில் உள்ள ஆண்டு 'இதற்கு முன்னால் இல்லை' என்றுதான் சொல்லும், 'இந்த ஆண்டுதான்' என்று சொல்லாது. ஒரு பிள்ளை தவறாகச் சொல்லி இன்னொரு பிள்ளை திருத்துவது போல எழுதினால் பாடம் நடத்துகிற வாடை வராது.

இரண்டாவது காசுக்குத் துணி வழிவிட வேண்டும். துணி நைந்து கிழியத் தொடங்குகிறது. நைந்துபோனால் புதுத் துணியில் மாற்றி முடிவதற்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி வைத்துக்கொண்டு அப்பத்தா மாற்றுகிறாள். அந்தச் சில நொடிகள்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். காலணாவோடு சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு செம்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் வளைந்து வளைந்து ஏதோ எழுத்து. தமிழ் இல்லை, இந்தி இல்லை.

இந்த இடத்தில் நட்பு உள்ளே வருகிறது. கொள்ளுத்தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தவர், குடும்பம் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. ரயில்வே குடியிருப்பில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருப்பது சகஜம். அடுத்த வீட்டு சிரீஷா வீட்டில் தெலுங்கு படித்தவள், பையன் நினைவிலிருந்து வரைந்து காட்டியதைப் பார்த்து "விஜய" என்று வாசிக்கிறாள். புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று வெளியிட்ட அம்மன் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. இருபது அம்மன் காசு ஓர் அணா. சமஸ்தானத்துக்கு வெளியே செல்லாத காசு முடிச்சில் இருக்கிறதென்றால் சாமியும் அந்த எல்லைக்குள்தான் இருக்க வேண்டும். சிரீஷா இல்லாமல் இந்தக் கதவு திறக்காது. சாகசக் கதைகளில் நண்பன் பாத்திரம் பெரும்பாலும் கூடவே ஓடி, "ஐயையோ" என்று கத்துவதோடு சரி. அப்படி எழுதுவது நட்பை அவமதிப்பது. ஒவ்வொரு பிள்ளையிடமும் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்க வேண்டும். அதைக் கொடுக்கிற அத்தியாயத்தில் அந்தப் பிள்ளைதான் முன்னால் நிற்க வேண்டும்.

துணைச் சான்றாக ஒரு கடித உறை போதும். முகவரியில் ஊர்ப் பெயர் கரையான் அரித்துவிட்டது, "புதுக்கோட்டை சமஸ்தானம்" மட்டும் மிச்சம். சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி ஜில்லாவுக்குள் போனது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். ஆக, உறையும் காலணாவும் ஒரே காலத்தைக் காட்டுகின்றன. இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். சமஸ்தான வரலாறு முழுவதையும் சொல்லிவிடும் ஆசை எழுதுபவர்களுக்கு வரும். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

பொய்த் துப்பு ஒன்றும் தேவை. அப்பாவின் கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் "ஸ்ரீ முருகன் துணை" என்று இருக்கிறது. பிள்ளைகள் அதை நம்பி ஒரு மலைக்கோயிலுக்கே அலைகிறார்கள். கடைசியில் பார்த்தால், பெரியப்பா வீட்டுப் பத்திரிகையிலும் பக்கத்து வீட்டுப் பத்திரிகையிலும் அதே வரி, அதே படம். அச்சகத்தில் இருந்த மாதிரியைத்தான் எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். பொய்த் துப்பு இப்படி இயல்பான காரணத்தால் பொய்யாக வேண்டும். வில்லன் வந்து மாற்றி வைத்தான் என்றால் பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். இன்னொரு சின்னத் தடையும் கைவசம் இருக்கிறது. காசை உறுதி செய்யத் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பெரியவர்கள் நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமையைத்தானே தேர்ந்தெடுப்பார்கள்?

பிள்ளைகளைத் தனியாக ஊர் சுற்ற விட வேண்டாம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பதினோரு வயதுப் பையன் யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறினான் என்று எழுதினால், அதன் பிறகு அந்த வீட்டில் நடக்கும் கலவரத்தையும் எழுதியாக வேண்டும், கதை திசைமாறிவிடும். கூட ஒரு பெரியவர் வரட்டும், ஆனால் அவரால் தீர்க்க முடியாத சிக்கலாக இருக்கட்டும். தாய்மாமன் அதற்கு ஏற்ற ஆள். காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு, அதனால் இந்த விஷயத்தில் அவருக்கும் அவசரம் இருக்கிறது. ஆனால் அவர் பெண் வீட்டுக்காரர், அவருடைய குலதெய்வம் வேறு. அப்பா வழி பங்காளிகளுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. வண்டி ஓட்டுவார், சாப்பாடு வாங்கித் தருவார், விடை சொல்ல மாட்டார்.

புறப்படலாமா என்பதற்கும் நம்மிடம் ஒரு முறை உண்டு: பூப்போட்டுப் பார்ப்பது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், ஒன்றுபோல மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத சிறு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். இதில் அத்தை மகன் செந்திலை இறக்கலாம். ஒன்பது வயது, எதையும் கேட்காமல் செய்யாதவன். "எதை எடுக்கணும்னு சொல்லுங்க அம்மாச்சி" என்று அவன் கேட்கும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முழு அத்தியாயத்தின் பதற்றமும் இரண்டு பொட்டலங்களுக்கு நடுவில் நிற்கும் அந்தக் கையில் இருக்கிறது. எந்த நிறம் சம்மதம் என்பதை முன்கூட்டியே வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரிக்கும்போது பதற்றம் இருக்காது.

கதைக்குக் கடிகாரம் வேண்டுமே, அதைப் புரவியெடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து தூக்கிப்போய் வைக்கும் திருவிழா அது. நமணசமுத்திரம் பக்கத்தில் இளங்குடிப்பட்டி ஐயனார் கோயிலில் இப்படி வைத்த குதிரைகள் வழிநெடுக வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். எழுதுமுன் ஒரு முறை அங்கே நடந்து பார்ப்பது நூறு பக்கம் படிப்பதற்குச் சமம். ஊரார் குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுப்பதோடு வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக. அவை நிழலில் காய்ந்து பாரம் தாங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் மேலே வயிறு, அதற்கும் மேலே கழுத்து, தலை. கால் ஈரமாக இருக்கும்போதே வயிற்றை ஏற்றினால் அப்படியே அமர்ந்துவிடும். ஆவி போக ஓட்டைகள் விட வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் வெடிக்கும். ஆகவே இந்தக் கதையின் வில்லன் கோடைமழை. மே மாத விடுமுறையில், வைகாசித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் மழை பெய்தால் மண் காய்வது பிந்தும், சூளை பிந்தும், குதிரை நாளுக்குள் வராது. மனிதர் யாரும் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை.

வேளார் வீட்டுப் பெண் பொன்னிதான் நான்காவது பிள்ளை. அவளுக்கு மண் பதம் தெரியும், மழை வாடை தெரியும். அடைக்கலம் காத்த ஐயனார் என்ற பெயரில் கோயில் பல இருக்கின்றன, எது இவர்களுடையது? எந்தக் குடும்பம் எந்த ஆண்டு குதிரை எடுத்தது, எது நேர்ந்துவிட்டு வராமல் போனது என்பதெல்லாம் குதிரை செய்கிறவர்கள் வீட்டில்தான் வாய்வழியாகத் தங்கியிருக்கும். "பொன்மலைக்கு வேலைக்குப் போனவுக ஒரு குதிரை பாக்கி" என்று பொன்னியின் தாத்தா சொல்கிற இடத்தில் தேடல் முடிகிறது. அறிவாளித் தாத்தா என்று அவரைக் காட்டாதீர்கள். அவருக்கு அது தொழில் கணக்கு. மண்ணைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொல்லட்டும்.

காப்புக் கட்டியபின் ஊரைவிட்டுப் போய் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. இதையும் பயன்படுத்துங்கள். பொன்னியால் வெளியே வர முடியாது, அவளிடம் போக வேண்டியவர்கள் இவர்கள்தான். போனவர்கள் காப்புக்குள் மாட்டிக்கொண்டால் திருவிழா முடியும்வரை அங்கேதான். சிரீஷாவின் அம்மா போனில் கேட்கும்போது அவள் என்ன பதில் சொல்வாள்? ஒரு அத்தியாயத்துக்கு அது போதும்.

கிடாவெட்டை மறைக்க வேண்டுமா என்று பலர் தயங்குவார்கள். என் கருத்து, மறைக்கக் கூடாது, ரத்தத்தை வர்ணிக்கவும் கூடாது. ஐயனாருக்குச் சைவப் படையல்தான். பக்கத்தில் கருப்பருக்குக் கிடா வெட்டும் நேரத்தில் ஐயனார் முன் திரை போடுவார்கள். அந்தத் திரை ஒன்றே போதும். திரைக்கு இந்தப் பக்கம் செந்தில் நிற்கட்டும், அந்தப் பக்கம் உறுமியும் குலவையும் கேட்கட்டும். அவன் ஏன் என்று கேட்டால், பொன்னி தனக்குத் தெரிந்த அளவில் ஒரு வரி சொல்லட்டும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்ல அவனுக்கும் இடம் கொடுங்கள்.

சாமியாடி குறி சொல்லும் காட்சியில் எழுதுபவர்கள் அதிகம் வழுக்குவார்கள். சாமியே வந்து ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பட்ட பாடு வீண். வாக்கு வரட்டும், ஆனால் "என் குதிரை நடுவழியில நிக்குது" என்பது போல, ஏற்கெனவே தெரிந்ததற்குப் பொருள் கூட்டுவதாக மட்டும் வரட்டும். சாமியாடுவதைக் கேலியாகவும் எழுதக் கூடாது, மாயாஜாலமாகவும் எழுதக் கூடாது. ஆடி முடித்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்து உட்காருவதைக் காட்டினால், பிள்ளைகளுக்கு அவர் மனிதராகவும் தெரிவார்.

சிலைத் திருட்டைத்தான் எழுதுவேன் என்பவர்களுக்கு ஒன்று. நம் உலோகத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளீடு இல்லாத கெட்டி வார்ப்பு. ஒரு லிட்டர் கன அளவுள்ள வெண்கலம் எட்டரைக் கிலோவுக்குக் குறையாது. பையன் உற்சவரைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான் என்று எழுதினால் அந்த இடத்திலேயே கதை செத்துவிடும். திருடுபோன சிலையை மீட்பதும் துரத்தலில் நடப்பதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர், கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் திரும்பி வந்தார். அந்தச் சிலைதான் இது என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். பிள்ளைகளால் செய்யக்கூடிய வேலையும் அதுதான்: பழைய திருவிழாப் படங்களைத் தேடுவது, சிலையைச் சுற்றியுள்ள திருவாசி வளையத்தில் எந்தச் சுடர் உடைந்திருக்கிறது என்று ஒப்பிடுவது.

பேச்சுமொழியை அளவோடு வையுங்கள். கதை சொல்லும் குரல் நல்ல எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், அப்பத்தா மட்டும் "வந்தாக", "போனாக" என்று பேசட்டும். பொன்னி வீட்டில் பெரியவர்களை "ஐயா", "ஆத்தா" என்பாள். நகரத்துப் பிள்ளைகள் சிரீஷாவின் அம்மாவை "ஆன்ட்டி" என்பார்கள். எல்லோரும் எல்லோரையும் "பாட்டி", "தாத்தா" என்று கூப்பிட்டால் உறவு எதுவும் புலப்படாது. முறை சொல்லும்போதே யார் அப்பா வழி, யார் அம்மா வழி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட வேண்டும், இந்தக் கதையில் அதுவும் ஒரு துப்பு.

நீளத்தைப் பொறுத்தவரை பன்னிரண்டு அத்தியாயம், ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு சொல் என்று வைத்துக்கொண்டால் பதினைந்தாயிரத்துக்குள் முடியும். இரவில் வாய்விட்டு வாசித்தால் ஒரு அத்தியாயம் ஏறக்குறைய கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் மூன்று அத்தியாயத்துக்குள் முடிச்சு, காலணா, சிரீஷா மூன்றும் வந்துவிட வேண்டும். ஏழில் மலைக்கோயில் ஏமாற்றம். பத்தில் பையன் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்துப் புரிந்துகொள்வது. பதினொன்றில் மழை, சூளை. பன்னிரண்டில் புரவி கண் திறந்து, தோளில் ஏறி, கண்மாய்க்கரைக்குப் போவது. அப்பத்தா முடிச்சை ஐயனார் முன் வைக்கும்போது பூசாரி "யார் பேருக்கு?" என்று கேட்பார். அவள் பேரனைப் பார்ப்பாள். அவன் சொல்ல வேண்டும்.

ஓவியருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள், படத்தில்தான் அதிகம் சொதப்பும். அம்மன் காசைப் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வரைந்துவிடுவார்கள். காலணாவின் துளையைப் பொட்டு மாதிரி வைப்பார்கள். மண்குதிரைக்குப் பந்தயக் குதிரையின் மெல்லிய கால்களைக் கொடுப்பார்கள், அது தூண் மாதிரி உருண்டு நிற்கும் கால். கண் திறப்பதற்கு முந்தைய பக்கங்களில் குதிரைக்குக் கண் வரையக் கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.